முதலில் விட்ட மீன்

டாம்செல் மீனைத் தொட்டியில் முதலில் விடக்கூடாது. கடைசியாகத்தான் விட வேண்டும். இந்த ஒரு வரியை டாக்டர் அருணகிரியிடம் சொல்ல அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் இன்றைக்கு என் வீட்டுக்காரர் தூத்துக்குடியில் எவர் வீட்டுத் தரையிலோ கால் நீட்டிப் படுத்திருக்கிறார். மீனுக்கும் மனுசனுக்கும் முடிச்சுப் போடுகிறாளே கிறுக்கச்சி என்று தோன்றினால் தோன்றட்டும். முழுசாகக் கேட்டுவிட்டு ஏசுங்கள்.

என் பெயர் ரொசிட்டா. பாளையங்கோட்டை ரோட்டில் உப்புத்தண்ணீர் மீன் கடை வைத்திருக்கிறேன். நான் விற்பது பவளத்தொட்டி. இரண்டடி நீளம், எண்பது லிட்டர் தண்ணீர், உள்ளே பொந்துள்ள நாலைந்து கல், கொஞ்சம் பவளம், பண்ணையில் பொரித்த நாலு மீன். வெளியே கடல் சூடேறி, பாறையெல்லாம் சுண்ணாம்பாய் வெளுத்துப்போன பிறகுதான் எனக்கு வியாபாரமே சூடு பிடித்தது. உயிரோடு இருந்தவரை எட்டிப் பார்க்காத ஆட்கள், செத்த பிறகு படம் மாட்டி விளக்கு வைப்பார்களே, அந்த மாதிரி.

என் வீட்டுக்காரர் ஸ்டனிஸ் சங்கு குளிக்கிறவர். கடலில் சங்கு இருந்தவரை. மூச்சைப் பிடித்துக்கொண்டு அடியாழத்துக்குப் போய் வந்த மனிதர், ஊருக்கு உள்ளே மேடான இடமாகப் பார்த்து ஒரு வீடு கட்டினார். மூன்று அறை. செங்கல்லை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து வாங்கினார். வாசலை ஒட்டிய சுவரில் ஒரு பித்தளைக் கொக்கி அடித்து, தண்ணீருக்குள் போடுகிற கண்ணாடியை அதில் மாட்டினார். அதற்குக் கீழே அவருடைய நாற்காலி. கடலுக்குக் கிளம்பும்போது "ஏட்டி, போயிட்டு வாரேன்" என்பார். கடலில் இறங்குகிற எவனும் 'போறேன்' என்று சொல்லிவிட்டுப் படி இறங்க மாட்டான். எங்கள் தெருவில் சின்னப் பிள்ளை கூடச் சொல்லாது.

டாக்டர் அருணகிரி குடியமர்வு வாரியத்தில் மூளை மருத்துவர். கரையோரத் தெருக்களைக் கடல் எடுத்துக்கொண்ட வருசம் அது. வீடு போனவர்களை, வீடு இருக்கிறவர்களோடு சேர்த்து வைக்கப்போவதாக ஊரெல்லாம் பேச்சு. அந்த நேரத்தில்தான் அவர் கடைக்கு வந்தார்.

"கிளினிக்ல வைக்க ஒரு சின்னத் தொட்டி வேணும் மேடம். எந்த மீன் எதோட சேரும்னு எனக்குத் தெரியாது. நீங்களே பார்த்துக் குடுங்க."

"சேருமான்னு பாக்கதுதான் சார் இதுல பாதி வேலை" என்றேன். "சின்னத் தொட்டில நாலு, மிஞ்சிப்போனா அஞ்சு. ஒரே சாடையில ரெண்டு ஆகாது, அடிச்சுக்கிடும். ஒண்ணு மேல நீந்தணும், ஒண்ணு நடுவுல, ஒண்ணு மண்ணோட கிடக்கணும். ஒவ்வொண்ணுக்கும் தனியா ஒரு பொந்து வேணும். பொந்து இல்லாத மீன் தூங்காது. க்ளவுன் மட்டும் ஆணும் பொண்ணுமா ஒரு சோடி, கோபி ஒண்ணு, கார்டினல் ஒண்ணு. சாதுவா உள்ளத மொதல்ல விடணும்..."

அதற்கடுத்து வரவேண்டிய வார்த்தை, 'முரட்டுப் பயலைக் கடைசில' என்பது. அவர் கண் நீல டாம்செல் மேல் போய் நின்றுவிட்டது. விரல் நீளம்தான் இருக்கும். ஆனால் அந்த நீலத்தைப் பார்த்தால் யாருக்கும் கண் நிற்கத்தான் செய்யும்.

"அது?"

"டாம்செல் சார். அதத்தான் மொதல்ல விடணும். புதுத் தொட்டியப் பழக்கிக் குடுக்கும்."

எங்கள் தொழிலின் அழுக்கு இது. புதுத் தொட்டித் தண்ணீர் பக்குவமாக ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அதுவரை காலித் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருக்க யாருக்கும் பொறுமை இல்லை. டாம்செல் லேசில் சாகாது. அதனால் தொட்டி விற்கிற எல்லாரும் அதைத்தான் முதலில் கையில் கொடுப்போம். ஆனால் முதலில் போன டாம்செல், தொட்டி முழுக்கத் தன்னுடையது என்று எழுதி வைத்துக்கொள்ளும். பிறகு வருகிற மீனை எல்லாம் விரட்டி விரட்டிக் கடிக்கும். இது எனக்கு இருபது வருசமாகத் தெரியும். என் கடையில் அன்று டாம்செல் நிறையத் தேங்கிக் கிடந்தது. சொன்னேன், விற்றேன்.

இரண்டு மாதம் கழித்து டாக்டர் போன் செய்தார். "உங்க நீல மீன் பெரிய ரவுடி மேடம். கோபி பம்புக்குப் பின்னாடி ஒடுங்கிக் கிடக்குது. வால் பாதியைக் காணோம்."

அப்போதாவது 'அதைப் பிடித்துத் தாங்க சார், என் தப்பு, வேறு மீன் தருகிறேன்' என்று சொல்லியிருக்கலாம். சொன்னேனா? நான் யார், பெரிய கெட்டிக்காரி அல்லவா! வாளியை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்கே போனேன். தொட்டியிலிருந்த கல்லை எல்லாம் வெளியே எடுத்தேன். டாம்செல் நடுத்தண்ணீரில் திகைத்து நின்றது. இடது பக்கத்துக் கல்லை வலது பக்கம், மேலே இருந்ததைக் கீழே என்று முழுக்க மாற்றி அடுக்கி, விளக்கை அணைத்தேன். அரை மணி நேரம் கழித்துப் போட்டபோது கோபி வெளியே வந்து மண்ணைக் கிண்டிக்கொண்டிருந்தது. டாம்செல் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தொட்டி முன்னால் உட்கார்ந்தார். "பழைய இடம் அதுக்கு மறந்துடுச்சா?"

"மறக்கல சார். இப்பம் 'என் இடம்'னு சொல்லிக்கிட அதுக்கு ஒண்ணும் இல்ல. சண்டை போடணும்னா ஒரு இடம் வேணும்லா?"

அவர் முகம் மாறிப்போனது. "இன்னொரு தடவை சொல்லுங்க" என்று கேட்டு, எழுதிக்கொண்டார். நானும் பெரிய ஞானி போல இன்னொரு தடவை சொன்னேன். கல் கலைத்த மீன் பல நாள் இரை எடுக்காது, பொந்தில் படுக்காது, நடுத்தண்ணீரிலேயே தொங்கும் என்பதைச் சொல்லவில்லை. பார்த்துச் சேர்த்திருந்தால் கல்லைத் தொடவே வேண்டியதில்லை என்பதையும் சொல்லவில்லை.

அடுத்த வருசம் சட்டம் வந்தது. இரண்டு அறைக்கு மேல் உள்ள வீட்டில் ஒரு குடும்பத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும். யார் வீட்டுக்கு யார் என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டது. எங்கள் வீட்டுக்கு டெரன்ஸும் அவன் பெண்டாட்டி அமலோற்பவமும் இரண்டு பெண் பிள்ளைகளும் வந்தார்கள். டெரன்ஸ் நல்ல பையன், ஆனால் அவனும் சொந்தப் படகு வைத்து அதிகாரமாக இருந்தவன். இரண்டு பேருமே அவரவர் வீட்டில் சத்தமாகப் பேசிப் பழகியவர்கள். ஒரே சாடையில் இரண்டு.

வந்த நாலாம் நாள் டெரன்ஸ் குளித்துவிட்டு வந்து, ஈரச் சட்டையை அந்தப் பித்தளைக் கொக்கியில் மாட்டினான். கண்ணாடியைக் கழற்றி ஜன்னலில் வைத்துவிட்டான். அவ்வளவுதான் விசயம். என் வீட்டுக்காரர் அவனைக் குளியலறை மூலையில் தள்ளி, துடுப்புக் கட்டையால் அடித்தார். நெற்றியில் பதினோரு தையல். பிள்ளைகள் கத்திய கத்து இன்னும் என் காதில் இருக்கிறது.

அந்த மாதம் ஊரில் அப்படி எத்தனையோ. ஒரு வீட்டில் கொலையே விழுந்தது. அப்போதுதான் வாரியம் சொட்டு மருந்தைக் கொண்டுவந்தது. மூக்கில் மூன்று சொட்டு விட்டால் போதும், வீட்டுச் சண்டை நின்றுவிடும் என்றார்கள். பத்திரிகையில் டாக்டர் அருணகிரியின் படம். அவருக்குப் பின்னால் மேசையில் என் தொட்டி.

கிளினிக்குக்கு ஓடினேன். "இது என்ன சார், கல்லைக் கலைக்கிற வேலையா?" என்று கேட்டேன்.

"அதேதான் மேடம்" என்றார். குரலில் பெருமை இருந்தது. "மூளைக்குள்ள 'இது என் இடம்'னு சொல்ற நரம்புக் கூட்டம் ஒண்ணு இருக்கு. நாங்க அதைக் கொல்லலை. அடுக்கை மட்டும் கலைச்சுவிடுறோம். ஞாபகம் எதுவும் போகாது. பேர், முகம், வழி எல்லாம் அப்படியே இருக்கும். சண்டை மட்டும் போயிடும். முதல் டோஸ் உங்க டாம்செல்லுக்குத்தான் குடுத்தேன்."

தொட்டியைப் பார்த்தேன். டாம்செல் அமைதியாக இருந்தது. பார்க்கச் சுகமாகத்தான் இருந்தது. எந்த இடத்தில் இருந்தது என்று நான் கவனிக்கவில்லை. தொழில் தெரிந்தவள், அதைத்தான் முதலில் கவனித்திருக்க வேண்டும்.

வாரியத்திலிருந்து கடிதம் வந்தது. ஸ்டனிஸ் சொட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் ஒரு வருசம் கோவில்பட்டிக்கு அப்பாலுள்ள முகாம். பெண்டாட்டி கையெழுத்துப் போட்டால் வீட்டிலேயே வைத்துப் போடலாம்.

"முகாமுக்கே போயிருதேன்ட்டி" என்றார் அவர். "எங்க கிடந்தாலும் என் வீடு எதுன்னு தெரிஞ்சு கிடப்பேன். ஒரு வருசந்தானே? எண்ணிக்கிட்டே இருந்துட்டு வந்திருவேன். அந்தக் கருமத்த மட்டும் என் மூக்குல விட்டுராத."

"ஒங்க வயசுக்கு முகாம் சோறு ஒத்துக்கிடுமா? அங்கன போனவக எத்தனை பேரு திரும்பி வந்தாவ?"

"நான் வருவேன்ட்டி. எவ்வளவு ஆழத்துல இருந்து வந்திருக்கேன்."

நான் நம்பவில்லை. அவர் இல்லாத வீட்டில் ஒரு வருசம் என்னால் இருக்க முடியாது, அதுதான் நிஜம். கையெழுத்துப் போட்டேன். மறுநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியிலேயே தலையைச் சாய்த்துத் தூங்கினார். மூக்கில் மூன்று சொட்டு விட்டேன். இருமிக்கொண்டே கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். என் கையில் குப்பி இருந்தது. அந்தப் பார்வையை நான் செத்தால்தான் மறப்பேன். வீட்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்று, அந்த மனிதரிடமிருந்து வீட்டையே பிடுங்கிவிட்டேன், பாவி.

முதல் வாரம் வெட்கமில்லாமல் சந்தோசப்பட்டேன். நாற்காலியை டெரன்ஸுக்கு விட்டுக்கொடுத்தார். கொக்கியில் யார் சட்டை தொங்கினாலும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. பிள்ளைகளோடு தாயம் விளையாடினார். டெரன்ஸே என்னிடம் வந்து, "அண்ணன் தங்கமா ஆயிட்டாவக்கா" என்றான்.

எட்டாம் நாள் காலை வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு, "போறேன்" என்றார்.

கரண்டியும் கையுமாக ஓடி வந்தேன். "என்ன சொன்னிய?"

"கடைத்தெருவுக்குப் போறேன்."

'ஏட்டி'யும் இல்லை, 'வாரேன்'னும் இல்லை. அன்று அவர் திரும்பவில்லை. மறுநாளும் இல்லை. டெரன்ஸ்தான் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடினான். மூன்றாம் நாள் பிரையண்ட் நகரில் முன்பின் தெரியாத ஒரு வீட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டு அம்மா, "பாவம், நல்ல மனுசரு, சும்மா உள்ள வந்து உக்காந்தாவ" என்றாள். என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"வா ரொசிட்டா."

"ஏன் வீட்டுக்கு வரல?"

கொஞ்ச நேரம் யோசித்தார். நடிப்பில்லை, உண்மையாகவே யோசித்தார். "வரணுமா?"

கூப்பிட்டேன், வந்தார். சண்டை இல்லை, முணுமுணுப்பு இல்லை. மறுநாள் மறுபடி போனார். அதற்குப் பிறகு தினமும் இதுதான் என் பிழைப்பு. கடையைச் சாத்திவிட்டு அவரைத் தேடுவது, கண்டுபிடிப்பது, கையைப் பிடித்துக் கூட்டி வருவது. தெருவில் என்னைப் போலப் பத்துப் பேர் தேடிக்கொண்டு அலைந்தார்கள். யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. எல்லாரும் கையெழுத்துப் போட்டவர்கள்தானே?

டாக்டரிடம் போனேன். ஆளே பாதியாகியிருந்தார். சவரம் செய்யாத முகம்.

"மாத்து மருந்து குடுங்க சார்."

"இல்ல மேடம்."

"இல்லன்னா? கலைக்கத் தெரிஞ்சவருக்கு அடுக்கத் தெரியாதா?"

"ஒருத்தர் அம்பது வருசமா அடுக்கின அடுக்கு அது. எந்தக் கல் எங்க இருந்ததுன்னு யாருக்குத் தெரியும்? அவருக்கே தெரியாது." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உங்க வீட்டை யார் கட்டினதுன்னு கேட்டுப் பாருங்க. 'நான்தான்'னு சரியா சொல்வார். ஆனா அது அவருக்கு ஒரு செய்தி. பேப்பர்ல படிக்கிற மாதிரி. இந்த ஜில்லாவுல மட்டும் நாப்பதாயிரம் பேருக்குக் குடுத்துட்டோம்."

எனக்கு அதற்குமேல் அடக்க முடியவில்லை. டாம்செல் விசயத்தைச் சொன்னேன். முதலில் விடக்கூடாத மீனை முதலில் விட வைத்தது, தேங்கிக் கிடந்த மீனைத் தள்ளிவிட்டது, கல்லைக் கலைப்பது கடைசி வழி என்று சொல்லாமல் விட்டது, எல்லாம். "தொட்டியே தப்பு சார். நீங்க பாத்து எழுதிக்கிட்டது, நான் கெடுத்து வச்ச தொட்டிய."

அவர் என்னை ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எந்த மீன் எதோட சேரும்னு நான் கேட்டேன்ல?" என்றார் மெதுவாக. "முதல் கேள்வியே அதுதான். அதுக்கு நீங்க சொன்ன பதிலும் சரியாத்தான் இருந்தது. ஆளுக்கொரு பொந்து, ஒரே சாடையில ரெண்டு கூடாது. அதையாவது நான் எழுதியிருக்கலாம். கலைக்கிறது சுலபமா இருந்துச்சு, அதை எழுதிட்டேன்."

கிளம்பும்போது தொட்டியை என்னிடமே கொடுத்துவிட்டார். "இதை என்னால பார்க்க முடியலை" என்றார். டாம்செல் நடுத்தண்ணீரில் தொங்கிக்கொண்டிருந்தது. விலா ஒட்டி, நீலம் வெளிறிப்போயிருந்தது.

எனக்கு ஒரு வெறி வந்தது. தொட்டியை வீட்டு முன்னறையில் வைத்தேன். டாக்டர் கிளினிக்கில் நான் முதல் முதலாக அடுக்கிக் கொடுத்த அன்று எடுத்த போட்டோ என் போனில் இருந்தது. அதைப் பெரிதாக்கிப் பார்த்து, கல்லை ஒவ்வொன்றாக நூல் பிசகாமல் அதே இடத்தில் வைத்தேன். இடது மூலையில் டாம்செல்லின் பழைய பொந்து. தினமும் அதே நேரத்தில், அதே மூலையில் இரை போட்டேன். மீனுக்கு 'என் இடம்' என்கிற நினைப்புத் திரும்பினால் மனுசனுக்கும் திரும்பும். வேறு எதைப் பிடித்துக்கொண்டு நான் உயிரோடு இருப்பது? வீட்டிலும் அப்படியே செய்தேன். நாற்காலி பழைய இடத்தில், கண்ணாடி கொக்கியில். அதை மாட்டியது டெரன்ஸ்தான், நான் சொல்லாமலே. வாசல் கதவை யாரும் சாத்தக்கூடாது என்று அமலோற்பவத்திடம் கண்டிப்பாகச் சொல்லிவைத்தேன்.

ஏழு வாரம் ஆனது. ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அமலோற்பவம் அடுப்படிக்கு ஓடி வந்தாள். "எக்கா, மீனு உள்ள போயிட்டுக்கா!"

போய்ப் பார்த்தேன். டாம்செல் இடது மூலைப் பொந்துக்குள் இருந்தது. முகத்தை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு, பழைய ரவுடி மாதிரியே. மாதாவே! நான் சத்தம் போட்டு அழுதேன். அமலோற்பவமும் அழுதாள். முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் அவரைத் தேடி ஓடினேன். பிரையண்ட் நகரில் இல்லை. கடைத்தெருவில் இல்லை. மாதா கோயில் முற்றத்தில் இல்லை. அங்கே ஒரு மெழுகுவத்தி மட்டும் ஏற்றிவிட்டுத் திரும்பினேன்.

வீட்டுக்குள் நுழைந்தால், அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

யாரும் கூட்டி வரவில்லை. அவராகவே வந்திருக்கிறார். கொக்கிக்குக் கீழே, காலை நீட்டிக்கொண்டு, அவர் எப்போதும் உட்காருகிற மாதிரியே. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஏங்க, வந்துட்டியளா?"

"கதவு தொறந்து கிடந்துச்சு" என்றார். சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். "நீ இங்கனதான் இருக்கியா ரொசிட்டா? நல்ல வீடு. நான் கட்டுனதுதான்."

நான் காப்பி போட்டேன். வேறு என்ன செய்ய? விருந்தாளிக்குக் கொடுக்கிற மாதிரி இரண்டு கையாலும் டம்ளரை நீட்டினேன். அவரும் மரியாதையாக வாங்கிக்கொண்டார். குடித்துக்கொண்டிருக்கும்போது தொட்டியைத் திரும்பிப் பார்த்தேன். இடது மூலைப் பொந்து காலியாக இருந்தது. டாம்செல் இப்போது கோபியின் பொந்தில் கிடந்தது. இடம் இருந்தது, போயிருக்கிறது. கோபியும் ஒன்றும் சொல்லாமல் வெளியே கிடந்தது.

டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். "போறேன்."

"போயிட்டு வாரேன்னு சொல்லுங்க" என்றேன். "ஒரே ஒரு தடவை சொல்லுங்க."

அவருக்கு அதில் ஒன்றும் கஷ்டமில்லை. கேட்டதைக் கொடுக்கிற நல்ல மனிதர்தானே இப்போது? "போயிட்டு வாரேன்" என்றார்.

படி இறங்கித் தெருவில் நடந்தார். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது வீட்டின் கதவு திறந்திருந்தது. அதற்குள் போனார்.